ஜன்னல் கண்ணாடியில் காய்ந்து ஒட்டிய கறை: எது போகும், எது போகாது

சென்னையில் வாடகைக்கு விடும் ஃபிளாட்டுகளில் ஒரு குடும்பம் காலி செய்து அடுத்த குடும்பம் வருவதற்குள் ஜன்னல்களைச் சரிசெய்து கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. வீடு மாறினாலும் கறை மாறுவதில்லை. போர் தண்ணீர் விட்ட வெள்ளைத் தடம், பெயின்டர் விட்டுப்போன சொட்டு, சமையலறைப் பிசுக்கு, பிள்ளைகள் ஒட்டிய ஸ்டிக்கர், புறா எச்சம் என்று அதே பட்டியல்தான் திரும்பத் திரும்ப வரும். அதனால் கண்ணில் படும் அறிகுறியை வைத்து இதைப் பிரித்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாத வழி முதலில், செலவு வைக்கும் வழி கடைசியில்.

உங்கள் கறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் கீழே இருக்கும் முதல் இரண்டு பகுதிகளைத் தாண்ட வேண்டாம். வீணாகிப்போன கண்ணாடி என்று நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை அழுக்கால் வீணானவை அல்ல. காய்ந்த அழுக்கின் மேலேயே ஸ்டீல் நாரைப் போட்டுத் தேய்த்ததால் வீணானவை.

தொடும் முன் பார்க்க வேண்டியவை

கறை உள்பக்கமா வெளிப்பக்கமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வெளியே இருக்கும் கறையை உள்ளேயிருந்து அரைமணி நேரம் தேய்ப்பவர்கள் உண்டு. விரலால் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். எந்தப் பக்கமும் தட்டுப்படவில்லை, ஆனாலும் மங்கல் தெரிகிறது என்றால் கடைசிக்கு முந்தைய பகுதிக்குப் போங்கள்.

அடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரைக் கறையின் மேல் தடவுங்கள்.

ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வெள்ளையாகத் தெரிந்தால் அது உப்புக்கறை, இல்லாவிட்டால் கண்ணாடியே அரித்துப்போன தடம். ஈரத்திலும் அப்படியே தெரிந்து, நகத்தில் மேடாகத் தட்டுப்பட்டால் சிமென்ட், பெயின்ட், பசை இவற்றில் ஒன்று. தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய். நகம் மேட்டில் தட்டாமல் பள்ளத்தில் சிக்கினால் அது கறையே இல்லை, கீறல்.

மூன்றாவதாக, அது என்ன கண்ணாடி? இதைத் தெரிந்துகொள்ளாமல் பிளேடைக் கையில் எடுக்கக் கூடாது. சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் ஓரத்தில் ஒரு மெல்லிய வெட்டுக்கோடு தெரியும். அந்தப் பக்கம் பிளேடும் கூடாது, தின்னரும் கூடாது, அமோனியா கலந்த ஸ்ப்ரேயும் கூடாது. பகலில் வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி தெரியும் ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி என்றால், அந்தப் பூச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பேனா முனையைக் கண்ணாடியில் வையுங்கள். முனையும் அதன் பளிச்சென்ற பிம்பமும் ஒன்றையொன்று தொட்டால் பூச்சு உங்கள் பக்கம் இருக்கிறது. நடுவே கண்ணாடியின் கனத்துக்கு இடைவெளி தெரிந்தால் அந்தப் பக்கம் இருக்கிறது. பூச்சு இருக்கும் பக்கத்தில் சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் மட்டும்தான்.

மூலையில் அழியாத சின்ன முத்திரை இருந்தால் (பெரும்பாலும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்கும்) அது டஃபன் செய்த பாதுகாப்புக் கண்ணாடி. சூளையில் சூடேற்றும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் சில சமயம் அதன் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்தால், சுத்தம் செய்த இடமெல்லாம் மெல்லிய கோடுகளாகிவிடும். அதனால் அதில் பிளேடு கடைசி வழி மட்டுமே. அதுவும் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகுதான்.

முதல் கழுவல்: எந்தக் கறையானாலும் இது முதலில்

உலர்ந்த துணியால் ஆரம்பிக்காதீர்கள். நம் ஊர்த் தூசியில் மணல் இருக்கிறது. மணல் கண்ணாடியைவிடக் கடினம். முதலில் பெயின்ட் பிரஷ்ஷால் தூசியை மெதுவாகத் தட்டிவிட்டு, பிறகு மேலிருந்து தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். கொசுவலையும் ட்ராக்கும் அழுக்காக இருந்தால் அவற்றை முதலில் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் துடைத்த கண்ணாடியில் அந்தச் சேறுதான் திரும்ப வழியும்.

அரை வாளித் தண்ணீருக்குப் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் சில சொட்டு போதும். ஒரு காட்டன் துணியை அதில் நனைத்துக் கண்ணாடியில் அப்படியே ஒட்டிவிட்டு, பத்து நிமிடம் வேறு வேலையைப் பாருங்கள். துணி காய ஆரம்பித்தால் இன்னும் கொஞ்சம் தெளியுங்கள். வெயில் நேராக அடிக்கும் நேரத்தில் இதெல்லாம் செய்தால் தண்ணீர் கண்ணாடியிலேயே காய்ந்து புதுக் கறையாகும். கிழக்கு ஜன்னலை மாலையிலும் மேற்கு ஜன்னலைக் காலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் தண்ணீரையும் ஊற்ற வேண்டாம், கண்ணாடி விரிசல் விடலாம். கை பொறுக்கும் சூடு போதும்.

கடைசி அலசலுக்கு எந்தத் தண்ணீர் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து ஜன்னல் கழுவுகிறார்கள். தண்ணீரைச் சேமிக்கும் எண்ணம் நல்லதுதான். ஆனால் குழாயில் வருவதைவிட அதில் உப்பு அதிகம். தரை துடைக்கப் பயன்படுத்துங்கள், கண்ணாடிக்கு வேண்டாம். அதற்குப் பதிலாக ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அது காற்றிலிருந்து வந்த ஈரம் என்பதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இருக்காது. மழைத் தண்ணீரும் அப்படித்தான். இரண்டும் இல்லாவிட்டால், எந்தத் தண்ணீரானாலும் காயவிடாமல் உடனே வைப்பர் போட்டு இழுத்துவிடுங்கள்.

கடலோரம் இருப்பவர்களுக்கு வேலை இத்தோடு முடிந்துவிடலாம். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் கண்ணாடியில் படியும் பிசுபிசுப்பான மங்கல் கடல் உப்பு. அது தண்ணீரிலேயே கரையும். நிறையத் தண்ணீர் விட வேண்டும், அவ்வளவுதான். ஈரத்துணியை வைத்து இழுத்தால் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு நகரும், போகாது.

அறிகுறி: வெள்ளைப் புள்ளிகள், சொட்டு வழிந்த கோடுகள்

எனக்கு வரும் வேலையில் பாதி இதுதான். மாடித் தொட்டி நிரம்பி வழியும் பாதை, மேல் வீட்டு பால்கனியில் செடிக்கு ஊற்றும் தண்ணீர், ஏ.சி. அவுட்டோர் யூனிட்டுக்குப் பக்கத்தில் கழுவிய ஈரம், குளியலறைக் கண்ணாடித் தடுப்பு. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் தண்ணீர் காய்ந்த பிறகு தங்கிவிடுகின்றன. சோப்பு இதை ஒன்றும் செய்யாது. புளிப்புதான் வேண்டும்.

மளிகைக் கடை வெள்ளை வினிகரைத் தண்ணீர் கலக்காமல் டிஷ்யூ பேப்பரிலோ பழைய துணியிலோ நனைத்துக் கறையின் மேல் ஒட்டுங்கள். பதினைந்து நிமிடம் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெளித்துவிட்டு உடனே துடைப்பதில் பயனில்லை. புளிப்பு வேலை செய்ய நேரம் வேண்டும். வினிகர் இல்லையா? எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் ஆசிட் ஒரு மேசைக்கரண்டி எடுத்து ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதுதான் பிடிக்கும். விலை குறைவு, வாடையும் இல்லை.

ஒட்டுவதற்கு முன் ஜன்னல் அடித்திட்டைப் பாருங்கள். மார்பிளோ கடப்பா கல்லோ என்றால் பிளாஸ்டிக் ஷீட் விரித்துவிடுங்கள். இரண்டும் சுண்ணாம்புக் கற்கள். வினிகர் சொட்டினாலே பளபளப்பு போய்விடும். கிரானைட்டுக்கு அவ்வளவு பயமில்லை.

*முழுதும் போய்விட்டது என்றால்:* நல்ல தண்ணீரில் அலசி, வைப்பர் போட்டு, முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வழிகிறது என்று பார்த்து அதை நிறுத்தாவிட்டால் அடுத்த மாதமே திரும்ப வரும்.

*மெலிந்தது, முழுதும் போகவில்லை என்றால்:* அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது என்று அர்த்தம். அதே வேலையை இன்னும் இரண்டு மூன்று முறை செய்யுங்கள். நடுவே சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து ஈரத்துணியால் மெதுவாக வட்டமாகத் தேய்க்கலாம். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலந்து நுரை பொங்குவதைக் காட்டும் வீடியோக்களை நம்பாதீர்கள். நுரை அடங்கும்போது இரண்டின் வேலையும் அடங்கிவிடும். புளிப்பு தனியே, அலசல், பிறகு சோடா தனியே. பூச்சோ ஃபிலிமோ இல்லாத சாதாரணக் கண்ணாடி என்றால் இதற்குப் பிறகு பிளேடு ஸ்க்ரேப்பர் போடலாம். எப்படிப் பிடிப்பது என்பதைப் பெயின்ட் பகுதியில் சொல்லியிருக்கிறேன்.

*ஒன்றுமே அசையவில்லை, நகத்துக்கும் வழவழப்பாகவே இருக்கிறது என்றால்:* உப்பு வருடக்கணக்கில் தங்கிக் கண்ணாடியையே அரித்திருக்கிறது. ஈரத்தில் மறைவதும் காய்ந்ததும் தெரிவதும் இதன் அடையாளம். இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். சீரியம் ஆக்சைடு என்ற பவுடரைப் போட்டு மெஷினால் பாலிஷ் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். பெரிய ஷோரூம் கண்ணாடி, டஃபன் செய்த ஷவர் தடுப்பு போன்றவற்றுக்கு அந்தச் செலவு தகும். சாதாரண ஜன்னலில் ஒரு சின்னக் கண்ணாடி என்றால் புதிதாக வெட்டிப் போடுவதே பெரும்பாலும் மலிவு. பாலிஷுக்கும் புதுக் கண்ணாடிக்கும் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாத்ரூம் ஆசிட் பற்றி ஒரு வார்த்தை. தெருவில் கேனில் வரும் அந்த ஆசிட் உப்புக்கறையைக் கரைக்கும், உண்மைதான். கூடவே அலுமினிய பிரேமைப் பொத்துவிடும், கிரில்லைத் துருப்பிடிக்க வைக்கும், மூக்கிலும் கண்ணிலும் ஏறும். ப்ளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் அதை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். வினிகரை ஊற்றினாலும் அதே ஆபத்து. கண்ணாடிக் கறை நீக்கி என்று விற்பவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்தவையும் உண்டு. அது தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை கெடுக்கும். லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

அறிகுறி: சாம்பல் அல்லது வெள்ளை நிறத்தில் மேடான திட்டுகள்

சிமென்ட் தெறிப்பு, இல்லாவிட்டால் வால் புட்டி. புது வீட்டிலும், பக்கத்து மனையில் கட்டுமானம் நடக்கும் வீட்டிலும் பார்க்கலாம். தெறித்து ஒரு நாள்கூட ஆகவில்லையா? தண்ணீர் விட்டு ஊறவைத்துத் துணியால் தூக்கிவிடுங்கள், இன்றைக்கே. சிமென்ட் காரத்தன்மை உடையது. அது தங்கத் தங்கக் கண்ணாடியில் தடம் விழும்.

காய்ந்துவிட்டதா? ஈரத்துணியை ஒட்டி அரைமணி நேரம் ஊறவைத்து, பழைய ஏ.டி.எம். கார்டு மாதிரி பிளாஸ்டிக் முனையால் நெம்பிப் பாருங்கள். புட்டி பெரும்பாலும் இதிலேயே உதிரும். உதிராவிட்டால் மேலே சொன்ன எலுமிச்சை உப்புக் கரைசலை ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு அடுக்காகக் குழைந்து வரும். சிமென்டில் மணல் இருப்பதால், உதிர்ந்த தூளைத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே அடுத்த சுற்று. தூளோடு சேர்த்துத் தேய்த்தால் கண்ணாடிக்கு உப்புத்தாள் போட்ட கதைதான்.

திட்டு போய், அது இருந்த இடத்தில் மங்கலான நிழல் மட்டும் நின்றால் கண்ணாடி அரித்துவிட்டது. மேலே சொன்ன பாலிஷ் விஷயம்தான் இதற்கும். கட்டுமானம் இப்போதுதான் முடிந்தது என்றால் செலவு செய்யும் முன் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வேலை முடிவதற்குள் கண்ணாடியை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி வைத்திருக்க வேண்டியது அவர் பொறுப்பு.

அறிகுறி: நிறமான சொட்டுகள், ஓரத்தில் தடித்த பட்டை

பெயின்ட்தான். எந்தப் பெயின்ட் என்று தெரியாவிட்டால் ஒரு சொட்டின் மேல் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டோ ஹேண்ட் சானிடைசரோ தடவி ஒரு நிமிடம் விடுங்கள். குழைந்தால் சுவருக்கு அடிக்கும் எமல்ஷன். அசையவில்லை என்றால் கிரில்லுக்கும் மரத்துக்கும் அடிக்கும் எனாமல்.

எமல்ஷனுக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைப்பதே போதும். தோல் மாதிரி உரிந்து வரும். எனாமலுக்கு டர்பென்டைனோ தின்னரோ பஞ்சில் தொட்டு, சொட்டின் மேல் மட்டும் வையுங்கள். ஜன்னல் சட்டம் யு.பி.வி.சி. என்றால் தின்னர் அதைத் தொடக் கூடாது. வெள்ளைச் சட்டம் கொழகொழத்து மஞ்சள் தட்டிவிடும். ரப்பர் பீடிங்கும் அப்படியே. அடுப்பு, ஊதுபத்தி, விளக்கு எல்லாம் அணைந்திருக்க வேண்டும், எதிர் ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

மிச்சத்துக்கு பிளேடு. பெயின்ட் கடையில் கைப்பிடியோடு கிடைக்கும் கிளாஸ் ஸ்க்ரேப்பர்தான் வாங்க வேண்டும். ஷேவிங் பிளேடை விரலில் பிடித்துச் சுரண்டுவது கண்ணாடிக்கும் ஆபத்து, விரலுக்கும் ஆபத்து. புது பிளேடு போடுங்கள். துருப்பிடித்ததும் நுனி மடிந்ததும் கீறும். கண்ணாடி முழுதும் சோப்புத் தண்ணீரில் வழிய வேண்டும். பிளேடைப் படுக்கை வாட்டில், சுமார் 30 டிகிரி சாய்வில் வைத்து முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள். தள்ளியதும் தூக்கி எடுத்து, துடைத்து, பிறகு அடுத்த தள்ளு. முன்னும் பின்னும் இழுத்தால் அடியில் சிக்கிய துகள் கண்ணாடியில் கோடு போட்டுவிடும். எங்கள் ஏரியா பெயின்டர் அண்ணன் ஒருவர் பிளேடை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்வார். அதைப் பார்த்துப் பழக வேண்டாம்.

சட்டத்தைச் சுற்றி ஒழுகிய சிலிகான் என்றால் தின்னர் வேலை செய்யாது. காய்ந்த சிலிகான் கரையாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். பிளேடால் பட்டையைச் சீவிவிட்டு, மிஞ்சும் வழுவழுப்பைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். கண்ணாடியையும் சட்டத்தையும் சேர்க்கும் சிலிகானை மட்டும் தொடாதீர்கள். மழை அந்த வழியாக உள்ளே வரும்.

அறிகுறி: பிசின், ஸ்டிக்கர் தடம், டேப் தடம்

முதலில் இது தண்ணீர்ப் பசையா, ரப்பர்ப் பசையா என்று பாருங்கள். மைதாப் பசையில் ஒட்டிய நோட்டீஸ், காகிதம் எல்லாம் ஈரத்துணியிலேயே ஊறிக் கழன்றுவிடும். மற்ற ஸ்டிக்கர்களுக்கு ஹேர் டிரையரின் இளஞ்சூட்டைக் காட்டிக்கொண்டே ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். வேகமாக இழுத்தால் காகிதம் மட்டும் வரும், பசை தங்கிவிடும்.

தங்கிய பசைக்கு என் கை முதலில் போவது யூக்கலிப்டஸ் தைலத்துக்கு. சளிக்கு வீட்டில் வைத்திருப்பதுதான். பஞ்சில் தொட்டு, ஐந்து நிமிடம் விட்டு, துணியால் உருட்டி எடுங்கள். இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய். அதற்கு நேரம் அதிகமாகும், ராத்திரி தடவிவிட்டுக் காலையில் எடுக்கலாம். இரண்டுக்கும் பிறகு சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவாவிட்டால் எண்ணெய்த் தடம் நிற்கும். குளியலறைக் கண்ணாடியில் ஸ்டிக்கர் பொட்டு விட்ட வட்டத் தடங்களுக்கும் இதேதான். கண்ணாடி என்று நினைத்தது அக்ரிலிக் ஷீட்டாக இருந்தால் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், வெளுத்துவிடும்.

கொசுவலைக்கு ஒட்டிய வெல்க்ரோ டேப்பின் பசை வெயிலில் வெந்து பாகு மாதிரி ஆகியிருக்கும். அதற்குப் பொறுமை வேண்டும். தைலம், உருட்டல், மறுபடி தைலம். புது ஜன்னல் சட்டத்தின் பாதுகாப்பு டேப்பை உரிக்காமலே குடிவந்து இரண்டு கோடை தாண்டியவர்களுக்கும் அதே கதி. இன்னும் உரிக்காதவர்கள் இன்றே உரித்துவிடுங்கள்.

பிள்ளைகள் மார்க்கரால் எழுதியதா? ஹேண்ட் சானிடைசர், ஒரு துடைப்பு. முடிந்தது.

அறிகுறி: சமையலறை ஜன்னலில் மஞ்சள் பழுப்பில் ஒட்டும் படலம்

தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்தது. இதற்கு வினிகர் பிரயோஜனமில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர லிக்விடைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டு, துணியில் நனைத்து ஒட்டி, இருபது நிமிடம் விடுங்கள். ஸ்பாஞ்சின் மென்மையான பக்கத்தால் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

வரவில்லையா? கொஞ்சம் சலவை சோடாவைச் சூடான தண்ணீரில் கரைத்துக் கண்ணாடிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அலுமினிய சட்டத்தில் பட்டால் கறுக்கும் என்பதால் வழிந்ததை உடனே அலசிவிடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கத்துக் கண்ணாடியில் படலம் கெட்டியாகி வார்னிஷ் போலாகியிருந்தால், சோடாவுக்குப் பிறகு ஈரத்தில் பிளேடு. ஃபேனின் இறக்கையையும் அன்றைக்கே கழுவிவிடுங்கள்.

அறிகுறி: எச்சம், மண் கூடு, பூச்சித் தடம்

புறா எச்சத்தைக் காய்ந்தபடி சுரண்டவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலைக்குப் போக வேண்டாம். மாஸ்க்கும் கையுறையும் போட்டு, முதலில் தண்ணீர் தெளித்து, நனைத்த செய்தித்தாளை மேலே ஒட்டிக் கால் மணி நேரம் விடுங்கள். தாளோடு சேர்த்து வழித்து எடுத்து, கவரில் கட்டிப் போட்டுவிடலாம். அடியில் வெள்ளைத் தடம் மிஞ்சினால் எலுமிச்சை உப்பு. ஏ.சி. யூனிட்டின் பின்னால் கூடை கூடையாகச் சேர்ந்திருந்தால் அதற்கென இருக்கும் ஆட்களைக் கூப்பிடுங்கள், வலை போடுபவர்களே பெரும்பாலும் அதையும் செய்வார்கள்.

குளவியின் மண் கூட்டில் குளவி போய்வருகிறதா என்று ஒரு நாள் பாருங்கள். காலியாக இருந்தால் நனைத்துப் பிளாஸ்டிக் முனையால் தள்ளிவிடலாம். பல்லி எச்சம், ஈசல் இறக்கை இவற்றுக்கெல்லாம் முதல் கழுவலே போதும்.

அறிகுறி: செம்பழுப்புக் கோடுகள்

கிரில்லின் துரு மழையில் வழிந்தது. எலுமிச்சை உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் பசையாகக் குழைத்துத் தடவி, அரைமணி கழித்துக் கழுவுங்கள். தேவைப்பட்டால் மறுபடி. கண்ணாடியில் இது அவ்வளவு பிடிவாதமான கறை அல்ல. ஆனால் துரு வரும் இடத்தைத் தேய்த்து ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துப் பெயின்ட் பூசாதவரை ஒவ்வொரு ஐப்பசியிலும் இந்த வேலை உங்களுக்கு உண்டு.

அறிகுறி: கறை போய்விட்டது, ஆனால் கோடு கோடாக மங்கல்

இது கறை அல்ல, துடைத்த முறை. சோப்பு அதிகமாகிவிட்டதா? வெறும் தண்ணீரில் இன்னொரு அலசல். துணி, வாசனை லிக்விடில் ஊறவைத்து அலசியதா? அதன் படலம் கண்ணாடியில் ஒட்டும், வேறு துணி எடுங்கள். வைப்பரின் ரப்பர் நுனியை விரலால் தடவிப் பாருங்கள். வெட்டோ பிசிறோ இருந்தால் அந்த இடத்தில் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கோடு விழும். ரப்பரைத் திருப்பிப் போட்டாலே சில சமயம் சரியாகிவிடும்.

எந்தப் பக்கக் கோடு என்று குழப்பம் வராமலிருக்க, உள்ளே மேலும் கீழுமாகவும் வெளியே குறுக்கிலும் கடைசித் துடைப்பை முடியுங்கள். கோட்டின் போக்கே பக்கத்தைச் சொல்லிவிடும். கசக்கிய செய்தித்தாள் இன்னும் நன்றாகவே பளபளப்புத் தருகிறது. வெள்ளைச் சட்டத்தில் மை ஒட்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இரண்டு பக்கமும் சுத்தம், நடுவில் மங்கல்

இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் நடுவே ஆவி படிந்தாலோ தடம் தெரிந்தாலோ அதன் சீல் போய்விட்டது. வெளியிலிருந்து எதைத் தடவியும் பயனில்லை. துளை போட்டுச் சரிசெய்கிறேன் என்பவரை நான் நம்புவதில்லை. அந்த யூனிட்டையே மாற்ற வேண்டும், வாரண்டி இருக்கிறதா என்று முதலில் பில்லைத் தேடுங்கள். லேமினேட் செய்த கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் நடுவே இருக்கும் ஒட்டுப்படலம் விட்டுப்போகிறது. ஓரங்களில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், பரவினால் கண்ணாடி மாற்றுபவரிடம் காட்டுங்கள்.

நகம் சிக்கும் கீறலுக்குப் பற்பசை போட்டுத் தேய்ப்பது வீண். அந்த ஆழத்துக்கு மெஷின் பாலிஷ் போட்டால்கூடக் கண்ணாடியில் குழி விழுந்து, வெளியே இருக்கும் மரம் வளைந்து தெரியும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

கறையைவிட உயரம்தான் இதை முடிவு செய்கிறது. ஜன்னலுக்கு வெளியே இடுப்புக்கு மேல் உடம்பு போக வேண்டியிருந்தால் அந்த வேலை உங்களுடையது அல்ல, வீட்டு வேலைக்கு வரும் அக்காவுடையதும் அல்ல. ஸ்லைடிங் ஜன்னல்களில் பலவற்றில் கதவை மேலே தூக்கி, அடிப்பக்கத்தை உள்ளே இழுத்தால் ட்ராக்கிலிருந்து கழன்றுவிடும். வெளியே கிரில் இருந்து, இரண்டு பேர் பிடிக்க முடிந்தால் மட்டும் கழற்றி, உள்ளே தரையில் சாய்த்து வைத்துக் கழுவுங்கள். மேலே தடுப்புக்கட்டை இருந்தால் அதன் ஸ்க்ரூவைக் கழற்றாமல் கதவு வராது. வராத கதவோடு மல்லுக்கட்டாதீர்கள்.

திறக்காத கண்ணாடி, கிரில் இல்லாத மாடி, கட்டடத்தின் வெளிமுகப்பு என்றால் கயிறும் பெல்ட்டும் உள்ள ஆட்கள்தான். அசோசியேஷன் மூலம் நாலைந்து வீடுகள் சேர்ந்து கூப்பிட்டால் தலைக்குச் செலவு குறையும். வருபவரிடம் என்ன ரசாயனம் போடப்போகிறார் என்று கேளுங்கள். லேபிள் இல்லாத கேனைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கண்ணாடியில் பூச்சு எந்தப் பக்கம், ஃபிலிம் இருக்கிறதா, டஃபன் முத்திரை இருக்கிறதா என்பதை நீங்களே சொல்லிவிட்டு, ஒரு மூலையில் உள்ளங்கை அளவு இடத்தில் செய்துகாட்டச் சொல்லுங்கள். அது காய்ந்த பிறகு, வெயில் சாய்வாக விழும் பக்கமிருந்து பார்த்துவிட்டு மீதியைத் தொடச் சொல்லலாம். வாடகை வீடு என்றால் வேலை தொடங்கும் முன் கண்ணாடியைத் தேதியோடு ஃபோட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். பழைய கீறலுக்கு அட்வான்ஸில் பிடிக்காமல் இருக்க அது உதவும்.